பாய்கா மாதிரி இன்னும் என்ன படம் இருக்கு? சின்ன பட்ஜெட் படத்தில் மட்டும் அடி எப்படி இவ்வளவு சுத்தமாக விழுகிறது?

பொள்ளாச்சி_பிரபா:

வணக்கம் மக்களே. ‘அன்டிஸ்ப்யூட்டட் 3’ படத்தை இப்போதுதான் பார்த்தேன். பெரிய எதிர்பார்ப்பு எதுவும் இல்லாமல்தான் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட கிடையாது. கதை முழுக்க ஒரே ஜெயில், நடுவில் ஒரு ரிங், பந்தயம் கட்டுகிற ரவுடிகள் நாலு பேர். ஆனால் பாய்காவாக வருகிற ஸ்காட் அட்கின்ஸ் காலைத் தூக்கினால் கண்ணை எடுக்க முடியவில்லை. கடைசிச் சண்டையைப் பின்னால் தள்ளி மறுபடியும் பார்த்தேன்.

நூறு கோடி, இருநூறு கோடி கொட்டி எடுக்கிற படங்களில் சண்டை முடிந்தபிறகும் யார் யாரை எங்கே அடித்தார்கள் என்று தெரிவதில்லை. கேமரா ஆடுகிறது, படபடவென்று காட்சி மாறுகிறது, திடீரென்று வில்லன் கீழே கிடக்கிறான். இந்தச் சின்னப் படத்தில் மட்டும் ஒவ்வொரு உதையும் எங்கே கிளம்பி எங்கே விழுகிறது என்று பளிச்சென்று தெரிகிறதே, எப்படி?

அப்புறம், இதே மாதிரி திருட்டுத்தனமாக நடக்கும் சண்டை, பந்தயம் பற்றிய படங்கள் வேறு என்ன இருக்கின்றன? வெறும் ரத்தக்களரி வேண்டாம். அவன் ஏன் சண்டைக்கு இறங்குகிறான் என்பதற்கு ஒரு காரணமாவது இருக்கணும். முதல் இரண்டு பாகத்தையும் பார்த்துத்தான் ஆகணுமா என்றும் சொல்லுங்கள்.

டைம்லைன்_தாஸ்:

பிரபா, நான் எடிட்டிங்கில் இருப்பவன். உங்கள் முதல் கேள்வி நான் தினமும் பார்க்கிற விஷயம் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நடிகருக்குச் சண்டை வராது என்றால் என் மேசைக்கு வருவது எல்லாம் துண்டு துண்டாகத்தான் வரும். ஹீரோ கையை ஓங்குகிற குளோசப் ஒன்று, டூப்பின் முதுகு தெரிகிற ஷாட் ஒன்று, அடி வாங்கியவர் போய் மேஜை மேல் விழுவது ஒன்று. அடி விழுகிற அந்தக் கணம் மட்டும் எந்த ஷாட்டிலும் இருக்காது. அதை நாங்கள்தான் ஷாட்டை வெட்டி ஒட்டியும் சத்தம் சேர்த்தும் உண்டாக்கணும். ‘டேக்கன் 3’ (2014) படத்தில் லியாம் நீசன் ஒரு வேலியைத் தாண்டுகிறார். சில விநாடி நேர வேலை, அதற்குப் பத்துக்கும் மேற்பட்ட கட். எங்கள் தொழிலில் இன்றைக்கும் உதாரணமாகச் சொல்கிற காட்சி அது.

அட்கின்ஸ் படத்தில் மறைக்க எதுவுமே இல்லை. அவரே சின்ன வயதிலிருந்து சண்டைக் கலை பழகியவர். அதனால் கேமரா தைரியமாகப் பின்னால் போய், இரண்டு பேரையும் தலை முதல் கால் வரை ஃப்ரேமுக்குள் வைக்கிறது. ஒரே ஷாட்டில் தடுப்பு, பதிலடி, சுழல் உதை, விழுவது என்று நாலைந்து அசைவு ஓடி முடிகிறது. அதன்பிறகு கட் பண்ணினால் அது எதையும் மூடி மறைக்கிற கட் இல்லை, ‘இப்போது இதைப் பார்’ என்று காட்டுகிற கட். ஸ்லோ மோஷனையும் அப்படித்தான் வைக்கிறார்கள். உதை கிளம்பும்போது வேகம், உச்சத்தில் ஒரு நொடி நிதானம், விழும்போது மறுபடி வேகம்.

2, 3 இரண்டு பாகத்துக்கும் டைரக்டர் ஐசக் ஃப்ளோரன்டைன். இஸ்ரேல்காரர், கராத்தே ஆள். நாம் டிவியில் பார்த்து வளர்ந்த ‘பவர் ரேஞ்சர்ஸ்’ தொடரில் ஸ்டண்ட் வேலையும் பார்த்து, எபிசோடுகளையும் இயக்கியவர். குறைந்த நேரத்தில் நிறைய சண்டை எடுத்துப் பழகிய கை அது. சண்டை அமைத்தது இரண்டாவதில் ஜே.ஜே. பெர்ரி, மூன்றாவதில் லார்னெல் ஸ்டோவல். கையைக் காலை வீசும்போதெல்லாம் ‘விஷ்க் விஷ்க்’ என்று ஒரு காற்றுச் சத்தம் கேட்கும், கவனித்திருப்பீர்கள். சிலருக்கு அது ஓவர். எனக்குப் பிடிக்கும், அடிக்கு முன்னாலேயே காதைத் தயார் பண்ணிவிடுகிறது.

காசு விஷயத்துக்கு வருகிறேன். இந்த இரண்டும் பல்கேரியாவில் எடுத்தவை, நேராக டிவிடிக்குப் போன படங்கள். திருட்டுச் சண்டை என்கிற கதையே சின்ன பட்ஜெட்டுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. ஒளிந்து நடப்பதால் ஆயிரக்கணக்கான கூட்டம் தேவையில்லை, ஐம்பது பேர் கத்தினால் போதும். இருட்டாக இருந்தால் தப்பில்லை. ஒரு ஜெயில் கிடைத்தால் சாப்பாட்டுக் கூடம், செல், ரிங் எல்லாம் அதற்குள்ளேயே முடிந்துவிடும். கார் வெடிக்க வேண்டாம், ஹெலிகாப்டர் வேண்டாம். மிச்சமாகிற நாளெல்லாம் சண்டைக்குப் போகிறது. பெரிய படத்தில் நூறு வேலைக்கு நடுவே சண்டையும் ஒன்று, இங்கே சண்டைதான் படம்.

ஆனால் அதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் பாய்காவுக்கு அநியாயம் பண்ணுகிற மாதிரி ஆகும். அந்த முழங்காலைக் கவனியுங்கள். இரண்டாம் பாகத்தில் (2006) மைக்கேல் ஜய் வைட் அதை முறித்துவிடுகிறார். நீங்கள் பார்த்த மூன்றாம் பாகம் (2010) தொடங்கும்போது ஜெயில் சாம்பியனாக இருந்தவன் நொண்டிக்கொண்டே தரை துடைக்கிறான். கடைசிச் சண்டையில் டோலோராக வரும் சிலி நாட்டுக்காரர் மார்க்கோ சரோர் திரும்பத் திரும்பக் குறி வைப்பது அந்தக் காலைத்தான். ஒவ்வொரு உதைக்கும் அட்கின்ஸ் பாரத்தை எப்படி மறுகாலுக்கு மாற்றுகிறார், அடுத்த உதைக்குக் காலை எடுக்கும் முன் எப்படி ஒரு நொடி தயங்குகிறார் என்று பாருங்கள். அடிபட்ட கால் எது என்று நாம் மறக்கவே மாட்டோம். நூறு குத்து வாங்கி அடுத்த காட்சியில் சட்டை மாற்றிக்கொண்டு வருகிற ஹீரோவிடம் எனக்கு இந்தப் பதற்றம் வருவதே இல்லை. மற்ற கைதிகளைக் கல்குவாரியில் வாட்டியெடுத்து டோலோரை மட்டும் ஓய்வாக வைத்திருக்கிற அந்தச் சூழ்ச்சியும் சேர்ந்துதான் அந்தச் சண்டையை இழுத்துப் பிடிக்கிறது.

முதல் பாகம் (2002) வேறு ரகம். வால்டர் ஹில் இயக்கம், வெஸ்லி ஸ்னைப்ஸும் விங் ரேம்ஸும் ஜெயிலுக்குள் பாக்ஸிங் போடுகிறார்கள். பாய்காவே அதில் கிடையாது, பார்க்காவிட்டால் நஷ்டமில்லை. இரண்டாவதைக் கட்டாயம் பாருங்கள். அதில் பாய்கா வில்லன். வில்லனாக வந்தவன் அடுத்த படத்தில் நாயகனானது சும்மா இல்லை என்று புரியும்.

அப்புறம் ‘பிளட் அண்ட் போன்’ (2009). அதே மைக்கேல் ஜய் வைட், லாஸ் ஏஞ்சல்ஸ் தெருச் சண்டை. ஜெயிலில் செத்துப்போன நண்பனுக்குக் கொடுத்த வாக்குக்காக ரிங்கில் இறங்குகிறான், நீங்கள் கேட்ட காரணம் இருக்கிறது. அதில் பல சண்டை இரண்டு மூன்று உதையிலேயே முடிந்துவிடும். சீக்கிரம் முடிகிற சண்டையை ரசிக்கும்படி எடுப்பது நீளமான சண்டையைவிடக் கஷ்டம்.

கேசட்_காலத்து_ஆள்:

தம்பி, இதற்கெல்லாம் தாத்தா 1988-ல் வந்த ‘பிளட்ஸ்போர்ட்’. நாங்கள் கேசட் வாடகைக்கு எடுத்துப் பார்த்தது. கேனன் ஃபிலிம்ஸ் தயாரிப்பு. ஷான் கிளாட் வான் டாம் அப்போது பெரிதாக யாருக்கும் தெரியாத பெல்ஜியம் பையன். நடிப்பு சுமார்தான், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் காலை விரித்து உட்கார்ந்தால் கூடவே நமக்கும் தொடை இழுக்கும்.

ஹாங்காங்கில் எடுத்தார்கள். கௌலூன் வால்டு சிட்டி என்று ஒரு இடம் இருந்தது. அடுக்குமாடி மேல் அடுக்குமாடி ஒட்டி, வெயிலே இறங்காத சந்துகள். ரகசியப் போட்டி நடக்கிற இடத்துக்கு அந்தச் சந்து வழியாகத்தான் அழைத்துப் போவார்கள். 1990-களின் நடுவில் எல்லாவற்றையும் இடித்து இப்போது பூங்காவாக்கிவிட்டார்கள். எந்த செட் போட்டாலும் அந்த ஈரமும் இருட்டும் வராது.

எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது, ஒவ்வொரு வீரனையும் அவன் சண்டை போடும் விதத்தை வைத்தே அடையாளம் காணலாம். சுமோக்காரன் ஒருவன், குரங்கு மாதிரி தரையோடு தாவித் தாவி அடிப்பவன் ஒருவன். பேர் ஞாபகம் இல்லாவிட்டாலும் ஆளை மறக்க மாட்டோம். வில்லன் போலோ யெங், ‘என்டர் தி டிராகன்’ படத்தில் புரூஸ் லீயோடு வந்த மனிதர். மார்புத் தசையை ஆட்டிக்கொண்டு நின்றாலே போதும், வசனமே வேண்டாம். ‘மார்ட்டல் காம்பாட்’ வீடியோ கேமில் ஜானி கேஜ் காலை விரித்துக்கொண்டு ஒரு குத்து விடுவானே, அது இங்கிருந்து போனது.

உண்மைக் கதை என்று போஸ்டரில் போடுவார்கள், நம்பிவிட வேண்டாம். ஃபிராங்க் டக்ஸ் என்பவர் சொன்ன கதை அது. லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் அந்த 1988-லேயே விசாரித்து, அவர் சொன்னதை எல்லாம் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிட்டது. படம் நன்றாக இருப்பதற்கு அது உண்மையாக இருக்கணும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வான் டாமின் ‘லயன்ஹார்ட்’ (1990) படத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அண்ணனுக்கு ஆபத்து என்று பிரெஞ்சுப் படையிலிருந்து ஓடிவந்தவன், அண்ணன் குடும்பத்துக்குப் பணம் சேர்க்கச் சண்டை போடுகிறான். தாஸ் சொன்ன சிக்கனம் அதில் அழகாக வேலை செய்யும். ஒரு சண்டை கார்கள் வட்டம் கட்டி நிற்கிற பார்க்கிங்கில், ஒன்று கொஞ்சமாகத் தண்ணீர் கிடக்கிற நீச்சல் குளத்துக்குள், கடைசி சண்டை டென்னிஸ் மைதானத்தில். இடம் மாறினதுமே சண்டை புதுசாகிவிடுகிறது. சுற்றி நிற்பவர்கள் கோட் சூட் போட்ட பணக்காரர்கள், கையில் மதுக் கோப்பை. அவர்கள் சிரிப்பைப் பார்த்தால்தான் எனக்கு வயிறு எரியும்.

லோ_கிக்_லட்சுமி:

நான் மதுரையில் பிள்ளைகளுக்கு கிக்பாக்ஸிங் சொல்லித் தருகிறேன். இந்தப் படங்கள் எனக்கும் உயிர், ஆனால் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. பாய்கா காற்றில் சுற்றி அடிக்கிற உதையை வீட்டு மொட்டை மாடியில் முயற்சி பண்ணி, கணுக்கால் வீங்கி வகுப்புக்கு வருகிற பையன்கள் உண்டு. முழங்கால் லிகமென்ட் கிழிந்தால் ஆபரேஷன், அதன்பிறகு மாதக்கணக்கில் பிசியோதெரபி. படத்தில் வருகிற மாதிரி ரகசியமாகப் பயிற்சி எடுத்துச் சரியாகாது. வெறுங்கையால் மண்டையில் குத்தினால் முதலில் உடைவது குத்தியவன் கை எலும்புதான். கையுறை முக்கியமாகக் காப்பாற்றுவது கையைத்தான்.

அதே சமயம் தாஸ் அண்ணா சொன்ன அந்த முழங்கால் சண்டையில் ஒரு நிஜம் இருக்கிறது. எதிராளியின் முன்காலைத் திரும்பத் திரும்ப உதைத்தால் அவன் உதையும் போகும், குத்தின் பலமும் போகும். பலம் தரையிலிருந்துதான் வருகிறது. நான் பிள்ளைகளுக்குச் சொல்வதும் அதைத்தான்.

பிரபா தம்பிக்கு என் பங்குக்கு இரண்டு. ‘ஓங்-பாக்’ (2003), டோனி ஜா. ஊர்க் கோயிலின் புத்தர் சிலைத் தலையைத் திருடிக்கொண்டு போனவனைத் தேடி பாங்காக் வருகிறான், பந்தயச் சண்டை நடக்கிற பாரில் மாட்டிக்கொள்கிறான். ஆளைக் கயிறு கட்டித் தூக்குவதும் கிடையாது, கம்ப்யூட்டர் வித்தையும் கிடையாது. முழங்கையும் முழங்காலும் தாய்லாந்துச் சண்டைக் கலையான முய் தாயில் எப்படி வேலை செய்யும் என்று என் மாணவர்களுக்கு அதைத்தான் போட்டுக் காட்டுகிறேன். இன்னொன்று ‘ஹார்ட் டைம்ஸ்’ (1975). வால்டர் ஹில்லின் முதல் படம். 1930-களின் நியூ ஆர்லியன்ஸ், வேலையில்லாத காலம், வெறுங்கைச் சண்டை. சார்லஸ் பிரான்சனுக்கு அப்போது ஐம்பதைத் தாண்டிய வயது. ஒரு அசைவுகூட வீணாக்க மாட்டார், அதிகம் பேசவும் மாட்டார். பசிக்காகச் சண்டை போடுகிறவன் எப்படி நிற்பான் என்பது அந்த உடம்பிலேயே தெரியும்.

பொள்ளாச்சி_பிரபா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. லட்சுமி அக்கா, மொட்டை மாடி ஆசை எனக்கும் இருந்தது, விட்டுவிட்டேன். இன்று ராத்திரி இரண்டாம் பாகம், நாளைக்கு ‘பிளட் அண்ட் போன்’. தாஸ் அண்ணா, நாலாவது பாகம் பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லையே? டைரக்டர் மாறிவிட்டார் என்று படித்தேன். பார்க்கலாமா?

டைம்லைன்_தாஸ்:

பார்க்கலாம். ‘பாய்கா: அன்டிஸ்ப்யூட்டட்’, 2016. இயக்கம் டோடோர் சாப்கனோவ், ஃப்ளோரன்டைன் தயாரிப்பில் இருக்கிறார். சண்டை அமைப்பு டிம் மேன். ரிங்கில் பாய்கா அடித்து ஒருவன் செத்துப்போகிறான், அவன் மனைவியிடம் மன்னிப்புக் கேட்கப் புறப்படுகிறான். கதையாகப் பார்த்தால் மூன்றையும்விட இதுதான் எனக்குக் கனமாகப் பட்டது. ஆனால் கடைசியில் வருகிற மார்ட்டின் ஃபோர்டு மலை மாதிரி ஆள், சரோர் மாதிரி பறக்கிறவர் இல்லை. அதனால் இறுதிச் சண்டை மூன்றாம் பாகத்தின் அளவுக்கு இல்லை என்பேன்.

ஒரே ஒரு வேண்டுகோள், சட்டப்படி எங்கே கிடைக்கிறதோ அங்கே பாருங்கள். இந்த ரகப் படங்களுக்குத் தியேட்டர் வசூல் என்று ஒன்று கிடையாது, டிவிடி விற்பனைதான் சோறு போட்டது. அது படுத்ததும் இவற்றுக்குப் பணம் கிடைப்பதே கஷ்டமாகிவிட்டது, அட்கின்ஸே இதைப் பற்றிப் பேசியிருக்கிறார்.

இரண்டாம் பாகத்தைப் பார்த்துவிட்டு நாலாவதுக்குப் போகும் முன் மூன்றாவதை இன்னொரு தரம் ஓட்டிப் பாருங்கள். டோலோர் முதல் தடவை அந்தக் காலில் உதைக்கிற இடத்தில் நிறுத்தி, அட்கின்ஸ் எந்தக் காலில் நிற்கிறார் என்று பார்த்து இங்கே எழுதுங்கள்.