ரீல் ஓடியது, அப்புறம் என்ன ஆனது? அனுபவத்தைச் சொல்லுங்கள்

மாடி வடாம்:

காக்காவிலிருந்தே ஆரம்பிக்கிறேன். மூன்று மாதமாகத் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான். கும்பகோணம் பக்கம் நாங்கள், மாமியார் காலத்திலிருந்து கூழ் வடாம். பங்குனி வெயில் வீணாகக் கூடாது என்று விடியற்காலையில் கூழ் கிண்டி, ஏழு மணிக்குள் மாடியில் வேட்டி விரித்துப் பிழிந்துவிடுவோம். அன்றைக்குப் பையன் போனில் எடுத்தான். நாழியிலிருந்து கூழ் சுருண்டு சுருண்டு விழுகிறது, ஆவி பறக்கிறது, பெருங்காய வாசனை ஒன்றுதான் வரவில்லை. அதை ரீலாகப் போட்டுவிட்டுக் காவலுக்கு மாடிக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் பார்த்தால் இரண்டு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். அதுவரை எங்கள் பேஜில் 900-ஐத் தாண்டியதே இல்லை. சந்தோஷமாகக் கமெண்டைத் திறந்தால் முதல் வரியே "9வது செகண்ட், வலது மூலை". போய்ப் பார்க்கிறேன். ஒரு காக்கா இறங்கி, தலையைச் சாய்த்து, நிதானமாக ஒரு வடாமைக் கொத்திவிட்டுப் போகிறது. எடுத்தவனும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை, ஊரே பார்த்துவிட்டது. அந்த ஓரத்து வரிசையை நான் அன்றைக்கே வழித்துக் காக்காவுக்கே போட்டாயிற்று. அது வீடியோவில் இல்லையே!

திட்டியவர்கள் திட்டிவிட்டுப் போகட்டும். நாலு வருடமாக என்னிடம் வாங்கும் ஒரு டீச்சரம்மா இருக்கிறார். அவருக்கு அப்போதுதான் ஒரு கிலோ கட்டி வைத்திருந்தேன். வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு வரி அனுப்பினார்: "அந்த வேட்டி வடாம் எனக்கு வர்ற பாக்கெட்ல இருக்குமாம்மா?" பதில் எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன், அழித்தேன், கடைசியில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையைப் போட்டுவிட்டேன். இருக்கும் என்றா, இருக்காது என்றா? அந்தப் பாக்கெட் போனது, பணம் வந்தது, அதற்கப்புறம் அவரிடமிருந்து சத்தமே இல்லை.

கேள்வி இதுதான். அந்த ரீலை அழிக்கலாமா வேண்டாமா? எங்கள் பேஜில் ஓடியது அது ஒன்றுதான்.

இளம்பிள்ளை சேலை:

அழிக்காதீங்க அக்கா. என் கதையைக் கேளுங்கள், காக்கா எவ்வளவோ தேவலாம்.

எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு சேலை வியாபாரம்தான், போன் இருப்பவரெல்லாம் கடைக்காரர். படம் எடுக்க எனக்கு ஒரே இடம், ஹால் ஜன்னல். நீலக் கம்பி, காலை வெளிச்சம் நன்றாக விழும். போன தீபாவளிக்கு முன்னால் தருமபுரியிலிருந்து ஒரு அம்மா போன் செய்து இருபது நிமிடம் திட்டினார். 1,450 ரூபாய் போட்டாராம், சேலை வரவில்லையாம். என் நோட்டில் அவர் பெயரே இல்லை. ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொன்னேன். பேஜ் என்னுடையது இல்லை, பணம் போன நம்பர் என்னுடையது இல்லை, ஆனால் படம் என்னுடையது. கீழ் ஓரத்தில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற என் மகளின் கால், கொலுசோடு.

"இது உங்க வீட்டு ஜன்னல்தானே?"

"ஆமாங்க."

"அப்ப நீங்கதானே?"

இதற்கு என்ன பதில் சொல்வது? எந்தப் படத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துப் போடலாம் என்று விளக்கினேன். அவர் காதில் ஏறவில்லை, ஏறாததும் நியாயம்தான், அவருக்கு ஜன்னல்தானே அத்தாட்சி. கடைசியில் அசல் விலைக்கு ஒரு சேலை அனுப்பினேன். ஏன் அனுப்பினாய் என்று வீட்டுக்காரர் இன்றுவரை கேட்கிறார். இப்போது படத்தின் நடுவிலேயே பேஜ் பெயரை அடித்துத்தான் போடுகிறேன். பார்ப்பவர்கள் புட்டா தெரியவில்லை, பெயர் மறைக்கிறது என்கிறார்கள்.

புரோட்டாக் கல்:

இளம்பிள்ளை அக்கா சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சேலை வேறு, சாப்பாடு வேறு. சேலைமேல் காக்கா உட்கார்ந்தால் துவைத்துவிடலாம். காக்கா கொத்தும் படத்தை வைத்துக்கொண்டு எத்தனை லட்சம் பேர் பார்த்து என்ன? தூக்குங்கள்.

நமக்குத் தென்காசி பக்கம் சின்னக் கடை, எட்டு டேபிள். ஒரு பையன் கேமராவோடு வந்தான். "காசெல்லாம் வேண்டாம்ணே, சாப்பாடு மட்டும் போதும்" என்றான். மாஸ்டரை மாவு வீசச் சொல்லி "இன்னொரு தடவைண்ணே, இன்னொரு தடவைண்ணே" என்று பதினைந்து தடவை வீசவிட்டான், மாவு கிழிந்துபோய்விட்டது. சால்னாவை மேலேயிருந்து ஊற்றச் சொல்லி டேபிள், தரை எல்லாம் சால்னா. சரி, விளம்பரம்தானே என்று விட்டுவிட்டேன். அடுத்த ஞாயிறு ரோட்டோரம் பதினாறு கார். கல்லில் கை வைத்தவன் ராத்திரி பதினொன்றரைக்குத்தான் எடுத்தான்.

எங்கள் கடைக்கு ஒரு பெரியவர் வருவார், ரிட்டையர்டு, தினமும் ஏழேகால் மணி. இரண்டு புரோட்டா, ஒரு ஆஃபாயில், சால்னா கொஞ்சம் கூட. அன்றைக்கும் வந்தார். கூட்டத்தில் எப்படியோ ஓரத்தில் இடம் பிடித்து, வழக்கம்போல் அவரே இலையை எடுத்துப் போட்டு, தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் கல்லாவிலிருந்து பார்க்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும் பையன்களுக்குக் குரல் கொடுக்கிறேன். ஒருத்தன்கூட அந்தப் பக்கம் போகவில்லை, கார்க்காரர்கள் கைதட்டிக் கூப்பிடுகிறார்கள். இருபது நிமிடம் இருக்கும். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வெறும் இலையை மடித்தார். அதைக் கொண்டுபோய்த் தொட்டியில் போட்டுவிட்டுக் கைகூடக் கழுவாமல் இறங்கிப் போய்விட்டார்.

கார் கூட்டம் ஐந்து ஞாயிறு நீடித்தது. பெரியவர் அதற்கப்புறம் வரவே இல்லை. ஒருநாள் மார்க்கெட்டில் பார்த்தேன், "நல்லா போகுதா தம்பி?" என்று கேட்டார். நல்லா போகுது சார் என்றேன்.

கணக்குப்பிள்ளை:

என் கதை சின்னது. ஸ்டேஷனரி கடைக்கு 3,000 ரூபாய்க்கு பூஸ்ட் (காசு கட்டி நம் போஸ்டைப் பலருக்குக் காட்டுவது) போட்டேன், 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்து 3,540 போனது, வந்த மெசேஜ் எல்லாம் "ஹாய்". ஸ்கூல் திறக்கும் நேரம் வேறு. விடுங்கள்.

இங்கே எல்லோரும் செய்யும் தப்பு என்னவென்றால் ரீல் ஓடுவதையே வியாபாரம் என்று நினைப்பது. இரண்டு லட்சம் பேரில் ஒன்றரை லட்சம் பேர் உங்கள் ஊர்ப் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். முதலில் கூகுள் மேப்பில் கடையைப் பதியுங்கள், அது இலவசம். பதிந்ததும் "கூகுளிலிருந்து பேசுகிறோம், பணம் கட்டாவிட்டால் லிஸ்டிங் போய்விடும்" என்று போன் வரும், வைத்துவிடுங்கள். வாட்ஸ்அப் பிசினஸ் 2018-லேயே வந்தாயிற்று, இன்னும் சொந்த நம்பரில் குடும்பப் படத்தோடு ஆர்டர் எடுக்கிறீர்கள். அதில் கேட்டலாக் இருக்கிறது, பொருளையும் விலையையும் ஒருமுறை ஏற்றிவிட்டால் போதும். பிராட்காஸ்ட், அதாவது ஒரே மெசேஜைப் பலருக்கும் அனுப்புவது என்றால், ஒரு பட்டியலில் 256 பேர் வரைதான், அதுவும் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போகும், ஆகவே டெலிவரி கொடுக்கும்போதே "நம்பரை சேவ் பண்ணிக்கோங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இன்ஸ்டாவில் பிசினஸ் கணக்கு வைத்துக்கொண்டு சினிமாப் பாட்டு வரவில்லை என்று அழாதீர்கள், அந்த வகைக் கணக்குக்குப் பெரும்பாலும் உரிமச் சிக்கல் இல்லாத இசைதான் கிடைக்கும், விதி அப்படி.

வடாம் அம்மா, உணவுப் பாதுகாப்புக்கான எஃப்எஸ்எஸ்ஏஐ எண் வாங்கிவிட்டீர்களா? 14 இலக்கம், பாக்கெட்டில் இருக்க வேண்டும், வீட்டிலிருந்து செய்தாலும். இளம்பிள்ளை அம்மா, பெங்களூருக்கு அனுப்புகிறீர்கள் என்றால் விற்றுமுதல் 40 லட்சத்தைத் தொடாவிட்டாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும், வெளிமாநில விற்பனைக்கு அந்த வரம்பு பொருந்தாது, சில கைவினைப் பொருட்களுக்கு மட்டும் தளர்வு. புரோட்டாக்காரரே, ஓசியில் சாப்பிட்டுவிட்டுப் போடுவதும் விளம்பரம்தான், விளம்பரம் என்று அதில் எழுதியிருக்க வேண்டும், விளம்பரங்களுக்கு நெறிமுறை வகுக்கும் ஆஸ்கி அமைப்பு 2021-லேயே சொல்லிவிட்டது. கடைசியாக ஒன்று, எல்லோரும் படத்துக்குக் கீழே விலையைப் போடுங்கள். "விலைக்கு டிஎம்", அதாவது தனி மெசேஜில் வந்து கேளுங்கள் என்பது வாடிக்கையாளரை அவமானப்படுத்துவது.

மாடி வடாம்:

எண் எல்லாம் வாங்கியாச்சு அண்ணே, பாக்கெட்டில் இருக்கு. நான் கேட்டது அழிக்கலாமா வேண்டாமா.

கேக் வீடு:

கணக்குப்பிள்ளை சார், விலையைப் போடு என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். நானும் போட்டுப் பார்த்தவள்தான். கோயம்புத்தூரில் வீட்டிலிருந்து கேக் செய்கிறேன். போன வருடம் ஒரு ரசமலாய் கேக், மேலே ரோஜா இதழ், பார்க்கவே அவ்வளவு அழகு, தைரியமாகக் "கிலோ 1,100" என்று போட்டுவிட்டேன். முப்பது நாற்பது பேர் விசாரித்துக்கொண்டிருக்கும்போதே எங்கள் பெரியம்மா கமெண்டில் வருகிறார்: "போன வாரம் எனக்கு 700க்குத் தந்தியே கண்ணு, வெலை ஏத்திட்டியா?"

பெரியம்மாவுக்கு அறுபதாம் கல்யாணத்துக்கு அசல் காசுக்குச் செய்து கொடுத்தது அது! அதை அங்கே எழுத முடியுமா? கமெண்டை அழித்தால் பெரியம்மாவுக்குத் தெரியும், அழிக்காவிட்டால் ஊருக்குத் தெரியும். அப்படியே விட்டேன். அதற்குக் கீழே பதினோரு பேர் "எனக்கும் 700" என்று எழுதினார்கள், அதில் ஒருவர் எங்கள் பெரியப்பா. அன்றிலிருந்து நான் டிஎம் கட்சி.

மண்சட்டி:

ரீல்ஸ் எல்லாம் நேற்று வந்தது. நான் டிக்டாக் ஆள். மானாமதுரை. சட்டியை விரலால் சுண்டிக் காட்டுவேன், வெந்த சட்டி கணீர் என்று பேசும், வேகாதது சொத்தென்று இருக்கும், அவ்வளவுதான் வீடியோ. 60 ஆயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள், துபாயிலிருந்துகூடக் கேட்பார்கள். 2020 ஜூன் 29, ராத்திரி நியூஸில் 59 ஆப் தடை என்று ஓடுகிறது. மறுநாள் காலையில் சூளை பிரிக்கிறோம், பழக்கதோஷத்தில் ஒரு சட்டியை எடுத்துச் சுண்டி, வீடியோ எடுத்தும்விட்டேன். போடத்தான் இடமில்லை. அந்த 60 ஆயிரத்தில் ஒருத்தர் நம்பர்கூட என்னிடம் இல்லை.

கணக்குப்பிள்ளை சொன்னதில் அந்த நம்பர் சேவ் பண்ணும் விஷயம் மட்டும் உண்மை. மிச்சத்தை நான் படிக்கவில்லை.

கணக்குப்பிள்ளை:

படித்திருந்தால் தெரிந்திருக்கும்.

புரோட்டாக் கல்:

அண்ணாச்சி, ஆஸ்கி சொன்னதை அந்தப் பையனிடம் நான் போய்ச் சொல்லவா? அவன் இப்போது கடைக்குக் கடை பத்தாயிரம் கேட்கிறானாம். நான் சொல்ல வந்தது அந்த இலையைப் பற்றி.

இளம்பிள்ளை சேலை:

புரோட்டா அண்ணா, மார்க்கெட்டில் பார்த்தபோதே கூப்பிட்டிருக்கலாமே, ஏழேகாலுக்கு வாங்க சார், ஓரத்து டேபிள் உங்களுக்குத்தான் என்று. நாலு வார்த்தை. கார்க்காரர்கள்தான் இப்போது இல்லையே. எனக்கு அந்தத் தருமபுரி அம்மா போன வாரம்கூட ஒரு சேலை வாங்கினார், முழு விலைக்கு. முதலில் போன் செய்தபோது நான் வைத்திருந்தால் அவ்வளவுதான். அதற்காக எல்லோருக்கும் சேலை அனுப்பச் சொல்லவில்லை, என் வீட்டுக்காரர் இதைப் படிப்பார்.

புரோட்டாக் கல்:

கூப்பிட்டிருக்கலாம். "நல்லா போகுதா" என்று அவர் கேட்டதும் வாய் அடைத்துப்போய்விட்டது.

மாடி வடாம்:

இளம்பிள்ளை தங்கச்சி எழுதியதைப் பார்த்துவிட்டு நேற்று டீச்சரம்மாவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. அடுப்பில் சாதம் வைத்திருக்கும்போது அவரே கூப்பிட்டார். அந்தக் காக்கா வரிசையை அன்றைக்கே வழித்துப் போட்டதையும், உங்களுடையது அதற்கு முந்தின வாரம் பிழிந்தது என்பதையும் மூச்சுவிடாமல் சொன்னேன். "அன்னைக்கே சரின்னு போட்டிருந்தியேம்மா" என்றார். எதற்குச் சரி என்று எடுத்துக்கொண்டார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. சாதம் பொங்கி வழிகிறது. அரைக்கிலோ போட்டுவிடச் சொன்னார். வழக்கமாக ஒரு கிலோ வாங்குபவர்.

ரீலை இன்னும் அழிக்கவில்லை. மாடியில் வலை கட்டிவிட்டோம், பையன் பழைய சிடி எல்லாம் கோர்த்துத் தொங்கவிட்டிருக்கிறான். இன்றைக்குக் காலையில் அதில் ஒரு காக்கா முகம் பார்த்துக்கொண்டிருந்தது.

புதுசா வந்தவன்:

வடாம் கிலோ என்ன விலைங்க?

மாடி வடாம்:

480. கொரியர் தனி. கேக் வீட்டுப் பெரியம்மா இங்கே இல்லையே?