புதுப்பிப்பு: ஒப்பந்தகாரர் நொடித்துப் பாதியில் நின்ற மைதான அரங்கு வேலை

மட்டக்களப்பு எழுவான்கரையிலுள்ள எமது உதைபந்தாட்ட மைதானத்தின் பார்வையாளர் அரங்கை விரிவாக்கிக்கொண்டிருந்த ஒப்பந்தகாரர் கடனில் மூழ்கி வேலையைக் கைவிட்டுவிட்டார், இனி என்ன செய்வதென்று இங்கு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

கைகொடுத்தது, லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் மைதானத்தை எடுத்துக்காட்டிய அண்ணரின் ஆலோசனைதான். அங்கு ஆன்ஃபீல்ட் வீதி அரங்கைக் கட்டிய பக்கிங்ஹாம் குழுமம் 2023 செப்டெம்பரில் நொடித்து, அத்தகைய நிறுவனங்களைக் கையாளும் நிர்வாகிகளின் பொறுப்புக்குள் போக, ரேய்னர் ரோவன் நிறுவனம் வேலையை ஏற்றது. அவ்வாண்டு டிசம்பர் 17 அன்று மேல்தளத்தின் ஒரு பகுதியை மட்டும் திறந்து போட்டியை நடத்தினார்கள். முழுதும் முடியட்டுமென்று காத்திராமல், பாவிக்கக்கூடிய பகுதியை முதலில் முடிக்கும்படி அந்த அண்ணர் கூறியிருந்தார்.

அதன்படி தொழில்நுட்ப உத்தியோகத்தரைக் கொண்டு முடிந்த வேலையை அளந்து, படமெடுத்து, கையொப்பம் பெற்ற பின்னரே புதியவரிடம் ஒப்படைத்தோம். கீழ் ஐந்து படிவரிசைகள் முடிந்துவிட்டன. மேற்பகுதி மாரிக்குப் பின்னர்தான்.

எதிர்பாராதவை இரண்டு. தூண்களில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள் உப்புக்காற்றில் செதில் செதிலாகத் துருவேறியிருந்ததால், கம்பித் தூரிகையால் தேய்த்தும் சரிவராதவற்றை வெட்டி மாற்ற நேர்ந்தது. மற்றையது, வங்கிப் பிணை (ஒப்பந்தகாரர் வேலையைக் கைவிட்டால் எமக்குப் பணம் தருவதாக அவரது வங்கி கொடுத்த உறுதி) காலாவதியாக ஒன்பது நாட்களே இருந்தமை: கோரிக்கைக் கடிதத்தை உடனே கொடுத்திராவிட்டால் அப்பணமும் போயிருக்கும். இதே சிக்கலில் இருப்பவர்கள் பிணையின் திகதியை இன்றே பாருங்கள்.