இ-ரூபாய் போகவே மாட்டேன் என்கிறது, அவசர உதவி

குடந்தைக்காரன்: அப்பா போனில் உள்ள இ-ரூபாய் (ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் பணம்) பணப்பைச் செயலியில் 15,000 இருக்கிறது. தங்கை நம்பரைப் போட்டால் எடுக்கவே மாட்டேன் என்கிறது. காலையிலிருந்து நான்கு தடவை பார்த்துவிட்டேன். நாளைக்கு அவள் வாடகை கட்ட வேண்டும்.

செல்வி_கோவை: தங்கை எந்த ஊரில் இருக்கிறார்? அவரிடமும் அந்தப் பணப்பை உண்டா?

மணி77: சிம் பிரச்சினைதான். செயலியை அழித்துவிட்டுத் திரும்பப் போடுங்கள்.

செல்வி_கோவை: பணம் உள்ளே இருக்கும்போது அழிக்கச் சொல்லாதீர்கள் மணி.

குடந்தைக்காரன்: சிங்கப்பூரில் படிக்கிறாள். அந்த ஊர் நம்பர்தான்.

பழைய_காசாளர்: இதை முதல் வரியிலேயே சொல்ல வேண்டாமா? அடிப்படை தெரியாமல் பணத்தில் கை வைக்கக் கூடாது தம்பி. இ-ரூபாயின் சில்லறைச் சோதனை, அதாவது பொதுமக்களுக்கான சோதனை, 2022 டிசம்பர் 1-ல் தொடங்கியது நாட்டுக்குள் புழங்கத்தான். சிங்கப்பூரிலோ பொதுமக்களுக்கான டிஜிட்டல் டாலரே இல்லை. அவசரத் தேவை இல்லை என்று அந்நாட்டு நாணய ஆணையம் சொல்லிவிட்டது. வாங்கிக்கொள்ளப் பணப்பை இல்லாத இடத்துக்கு எப்படிப் போகும்?

மணி77: நாடுகளின் டிஜிட்டல் பணத்தை எல்லை தாண்டி அனுப்பும் எம்பிரிட்ஜ் இருக்கிறதே சார், சீனா, தாய்லாந்து எல்லாம் அனுப்புகிறார்களே?

பழைய_காசாளர்: அது வங்கிகளுக்கு இடையிலானது. நமக்கானது இல்லை.

செல்வி_கோவை: பொதுமக்களுக்கான சில்லறை டிஜிட்டல் பணத்தை எல்லை தாண்டி அனுப்பவும் சோதனை நடந்தது சார். இஸ்ரேல், நார்வே, சுவீடன் சேர்ந்து செய்த ஐஸ்பிரேக்கர், 2023-ல் அறிக்கை வந்தது. அதில் எந்த நாட்டுப் பணமும் எல்லை தாண்டாது. நடுவில் ஒரு நாணய மாற்றுக்காரர் இரண்டு பக்கமும் பணப்பை வைத்திருப்பார். இங்கே வாங்கிக்கொண்டு அங்கே கொடுப்பார். எனக்குப் பிடித்த வழி அதுதான்.

பழைய_காசாளர்: சோதனை வேறு, நாளைய வாடகை வேறு.

செல்வி_கோவை: சரி, ஒப்புக்கொள்கிறேன். குடந்தை, முதலில் பணத்தை அப்பாவின் வங்கிக் கணக்குக்கே திருப்புங்கள். அப்புறம் யுபிஐ–பேநவ் (நம் யுபிஐயையும் சிங்கப்பூரின் பேநவ்வையும் சேர்க்கும் இணைப்பு) வழி அனுப்புங்கள். 2023 பிப்ரவரியில் தொடங்கியபோது ஸ்டேட் வங்கி, இந்தியன் வங்கி, ஐஓபி, ஐசிஐசிஐ ஆகியவற்றிலிருந்து அனுப்பலாம் என்றார்கள். ஒரு நாளைக்கு 60,000 ரூபாய் வரை. அங்கே பணம் வாங்க அப்போது சேர்ந்திருந்த வங்கி டிபிஎஸ், தங்கையின் கணக்கு அதிலா என்று கேளுங்கள். காரணம் கேட்டால் உறவினர் பராமரிப்பு என்று போடுங்கள்.

குடந்தைக்காரன்: அப்பா வங்கியில் அந்த வசதி இல்லை. அம்மா கணக்குக்கு மாற்றி அனுப்பினோம். தங்கைக்கு வந்துவிட்டதாம். ரொம்ப நன்றி அக்கா.

மணி77: அப்போ சிம் பிரச்சினை இல்லையா?