சிம்மைக் கழற்றி வைத்தால் ஒப்பந்தம் முடிந்துவிடுமா?

கொட்டாஞ்சேனை கரன்:
போன வாரம் என் தம்பியின் பெயருக்கு ஒரு சட்டத்தரணியிடமிருந்து கோரிக்கைக் கடிதம் பதிவுத் தபாலில் வந்தது. அவன் மாதக் கட்டணக் கைத்தொலைபேசி இணைப்பு ஒன்று வைத்திருந்தான். வேலை போனதும் இரண்டு மாத பில்லைக் கட்டவில்லை. பிறகு சிம்மைக் கழற்றி மேசை லாச்சியில் போட்டுவிட்டு ரீலோட் சிம்முக்கு மாறிவிட்டான். இப்போது அவர்கள் கேட்கும் தொகை அந்த இரண்டு பில்லையும்போல் நான்கு மடங்கு. இரண்டு வாரத்துக்குள் கட்டாவிட்டால் வழக்காம். கடிதம் முழுக்க ஆங்கிலம். அம்மா பொலிஸ் கடிதம் என்று நினைத்து அழத் தொடங்கிவிட்டார். பாவிக்காத சேவைக்கு எதற்குக் காசு கட்ட வேண்டும்?

கணக்குப்பிள்ளை:
உங்கள் தம்பி கையொப்பம் வைத்தாரா இல்லையா, அதைச் சொல்லுங்கள். புறக்கோட்டையில் கடை அறையை வாடகைக்கு எடுத்துவிட்டு ஷட்டரைத் திறக்காமல் விட்டால் முதலாளி வாடகையைத் தள்ளிவிடுவாரா? ரீலோட் என்றால் காசு முதலில், பேச்சு பிறகு. மாதக் கட்டணம் என்றால் பேச்சு முதலில், காசு பிறகு. அதாவது அது கடன். வேண்டாம் என்றால் அடையாள அட்டையுடன் போய் இணைப்பை நிறுத்தும்படி எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். அரை நாள் வேலைதான். அதைச் செய்யாமல் நிறுவனத்தைத் திட்டுவதில் என்ன நியாயம்?

வெள்ளவத்தை தமயந்தி:
ஐயா, அரை நாள் வேலை என்கிறீர்கள். நிலுவை முழுவதையும் கட்டினால்தான் இணைப்பை நிறுத்துவோம் என்று என்னைத் திருப்பி அனுப்பினார்கள். கட்டக் காசு இல்லாதவன்தானே நிறுத்தப் போகிறான்! வெளியே செல்லும் அழைப்பைத் துண்டிக்க அவர்களுக்கு ஒரு நொடி போதும். ஆனால் துண்டித்த பிறகும் மாத வாடகையை ஏற்றிக்கொண்டே போனார்கள். கரன் வீட்டுக் கதையும் இதுவாகத்தான் இருக்கும். சேவையை நிறுத்தியவர் வாடகையையும் நிறுத்த வேண்டாமா?

இன்னொன்று. இணைப்பு எடுக்கும்போது ஒரு திரையை நீட்டி விரலால் கையொப்பம் வைக்கச் சொல்கிறார்கள். நிபந்தனைகள் ஆங்கிலத்தில் கீழே ஓடிக்கொண்டிருக்கும். பின்னால் வரிசையில் பத்துப் பேர். யார் நின்று வாசிப்பது? 1987 இல் இலங்கை அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தோடு தமிழ் அரசகரும மொழியாகிவிட்டது என்று பெருமை பேசுகிறோம். பில் தகராறு வந்தால்தான் அதன் லட்சணம் தெரிகிறது.

கணக்குப்பிள்ளை:
தங்கச்சி, அரசகரும மொழிச் சட்டம் அரச அலுவலகத்தைக் கட்டுப்படுத்தும், கடைக்காரரை அல்ல. தமிழில் தாருங்கள் என்று கேட்டீர்களா? கேட்காமல் விரலை வைத்துவிட்டு மொழி உரிமை பேசுவது வசதியான வழி.

வெள்ளவத்தை தமயந்தி:
கேட்டேன். "சிங்களத்தில் தரட்டுமா?" என்றார்கள்.

பில் ஏறிய கதையையும் சேர்த்துப் பேசுங்கள். 2022 ஜூனில் வற் வரி 8 இலிருந்து 12 வீதம், செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. அதே பொதி, அதே பேச்சு, பில் மட்டும் வேறு. சம்பளம் அப்படி ஏறியதா?

கணக்குப்பிள்ளை:
வரியை நிறுவனம் தன் பையில் போட்டுக்கொள்ளவில்லையே. பொதி கட்டுப்படியாகாவிட்டால் சிறிய பொதிக்கு இறங்கலாம். 2022 இல் எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் அப்படித்தான் இறங்கினார்கள்.

ஓய்வுபெற்ற இலிகிதர்:
இருவரும் சற்றுப் பொறுங்கள். கரன் தம்பி, முதலில் அம்மாவுக்குச் சொல்லுங்கள்: அது பொலிஸ் கடிதமும் அல்ல, நீதிமன்ற அழைப்பாணையும் அல்ல. இது குடியியல் கடன். பில் கட்டாததற்காக யாரும் வந்து விலங்கு மாட்டமாட்டார்கள். அதற்காகக் கடிதத்தைக் கிழித்துப் போடவும் கூடாது. இத்தகைய சிறு தொகைப் பிணக்குகள் பல, நீதிமன்றப் படியேறுமுன் 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான, இரு தரப்பையும் பேசி இணங்க வைக்கும் மத்தியஸ்த சபைக்கு வருபவை. அங்கே தமிழில் பேசலாம், வழக்கறிஞர் தேவையில்லை.

பதில் எழுதும்போது கவனம். எழுத்து மூல ஒப்பந்தத்தில் வழக்குத் தொடரக் காலவரையறை ஆறு வருடம். "முழுத் தொகையும் தர வேண்டியதுதான், அவகாசம் தாருங்கள்" என்று ஒரு வரி எழுதிவிட்டால் அந்த ஆறு வருடக் கணக்கு புதிதாகத் தொடங்கிவிடும். ஆகவே மாத வாரியான விவரத்தையும், சேவை எந்தத் திகதியில் துண்டிக்கப்பட்டது என்பதையும் மட்டும் கேட்டு எழுதுங்கள்.

கணக்குப்பிள்ளை:
நீதிமன்றத்தில் வேலை பார்த்தவர் கடனைக் காலாவதியாக்கப் பாடம் நடத்துகிறார்! இப்படி ஆளாளுக்கு நழுவினால், புதிதாக இணைப்பு எடுக்க வருகிற ஒழுங்கானவனிடம்தான் வைப்புப் பணம் கேட்பார்கள்.

ஓய்வுபெற்ற இலிகிதர்:
நழுவச் சொல்லவில்லை ஐயா. பேசிய இரண்டு மாதத்துக்கும் வரியோடு கட்டத்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. துண்டித்த பிறகு ஏறிய வாடகைக்கும் சட்டத்தரணி கட்டணத்துக்கும் ஒப்பந்தத்தில் எந்த வாசகம் இடம் தருகிறது என்று அவர்கள் காட்டட்டும். காட்டாவிட்டால் நிறுவனத்துக்கு எழுத்தில் முறைப்பாடு. அதற்கும் பதில் இல்லையென்றால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. வாய்முறைப்பாட்டை நம்பாதீர்கள், பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

மட்டக்குளி மைந்தன்:
இதனால் கிரிப் (கடன் தகவல் பணியகம்) கறுப்புப் பட்டியலில் பெயர் ஏறிவிடுமா? எனக்கு வீட்டுக் கடன் எடுக்கிற யோசனை இருக்கிறது.

ஓய்வுபெற்ற இலிகிதர்:
கடன் தகவல் பணியகத்தில் கறுப்புப் பட்டியல் என்று ஒன்று இல்லை. வங்கி, நிதி நிறுவனம் போன்றவை தரும் கொடுக்கல் வாங்கல் வரலாறுதான் அங்கே இருக்கும். கைத்தொலைபேசியைக் கடன் அட்டையிலோ நிதி நிறுவனத் தவணையிலோ வாங்கித் தவறவிட்டிருந்தால் அது அதில் தெரியும், பிணை நின்றவருக்கும் சேர்த்து. உங்கள் அறிக்கையை நீங்களே கேட்டுப் பெறலாம். வங்கி மேலாளர் சொல்லித் தெரிந்துகொள்வதைவிட அது மேல்.

கொட்டாஞ்சேனை கரன்:
நன்றி ஐயா. தம்பியிடம் பேசினேன். இரண்டு மாத பில்லையும் கட்ட அவன் தயார். மிச்சத்துக்கு விவரம் கேட்டுத் தமிழிலேயே கடிதம் எழுதுகிறோம். அவர்கள் மொழிபெயர்த்து வாசிக்கட்டும்.

கணக்குப்பிள்ளை:
கட்டுவதென்றால் சரி. ஆனால் காசைக் கொடுக்குமுன் "இந்தக் கணக்கில் இனி நிலுவை இல்லை" என்று கடிதத் தலைப்பில் எழுதித் தருவார்களா என்று கேளுங்கள். வெறும் ரசீதோடு வந்தால் ஆறு மாதத்தில் இன்னொரு சட்டத்தரணி எழுதுவார். கூடவே இணைப்பை நிறுத்தும் விண்ணப்பத்தையும் கொடுத்துத் திகதி முத்திரை வாங்குங்கள். சிம் இன்னும் லாச்சியில்தானே கிடக்கிறது?