பினாங்கில் ஏன் சண்டையே நடக்கவில்லை?

ஆயர் ஈத்தாம் ஆள்:
பினாங்குத் தீவில் வெள்ளைக்காரன் கட்டிய பத்து மாவுங் கோட்டைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். சுரங்கம், பீரங்கி மேடை எல்லாம் பலமாகத்தான் இருக்கிறது. அப்படியிருந்தும் 1941இல் ஜப்பான்காரன் சும்மா நடந்து வந்துவிட்டானே, காலாட்படை எங்கே போனது?

பழைய பட்டாளத்தான்:
இங்கே இருந்தது 14ஆவது பஞ்சாப் ரெஜிமென்ட்டின் 5ஆவது பட்டாலியன். போர் வந்ததும் அதைத் தாய்லாந்து எல்லைக்கு, குரோ பக்கம் அனுப்பிவிட்டார்கள். டிசம்பர் 11 ஜார்ஜ்டவுனில் குண்டு. வடக்கே கெடாவின் ஜித்ராவில் 11ஆவது இந்திய டிவிஷன் இரண்டே நாளில் சிதறியது. அப்புறம் தீவைக் காக்க யார்? பீரங்கி கடலைப் பார்த்தது, வந்தவன் தரைவழி வந்தான். வெள்ளைக்காரக் குடும்பங்களை ஏற்றிவிட்டு, 16ஆம் தேதி இரவோடு மிச்சப் படையும் கிளம்பியது. நம்மவர்களுக்குக் கப்பலில் இடமில்லை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

மேரு லாமா:
அண்ணே, காலாட்படையை மட்டும் குறை சொல்லாதீர்கள். ஜித்ராவில் அடிபட்ட லெஸ்டர், ஈஸ்ட் சர்ரே என்ற பிரிட்டிஷ் பட்டாலியன்களை ஒன்றாக்கி, தெற்கே பேராக்கின் கம்பாரில் நிறுத்தினார்கள். 1942 ஜனவரி 2 வரை தாக்குப்பிடித்தார்கள். 8ஆவது பஞ்சாப் ரெஜிமென்ட்டின் சீக்கியர்கள் துப்பாக்கிக் கத்தியோடு மேட்டில் பாய்ந்ததும் அங்கேதான். மேற்குக் கரையில் எதிரி பின்னால் இறங்கியதால்தான் விட்டுப்போனார்கள்.

ஆயர் ஈத்தாம் ஆள்:
சரி, அடுத்த லீவுக்குக் கம்பார்.