அடுக்குக் கட்டை வீட்டில் ஏறும் தண்ணீர்: சாவா, வேறா?

பழைய புரொஜக்டர்:
குனியோ காட்டோவின் ‘த்சுமிகி நோ இயே’ (அடுக்குக் கட்டை வீடு) படத்தை நேற்று மூன்றாவது முறையாகப் பார்த்தேன். 2008இல் வந்த 12 நிமிட ஜப்பானிய அனிமேஷன், மறு வருடம் ஆஸ்கர் வாங்கியது. வசனமே கிடையாது. கடல் ஏற ஏற, தனியாக இருக்கும் கிழவர் ஒருவர் வீட்டின் தலைமேல் இன்னோர் அறை கட்டிக் குடியேறிக்கொண்டே இருக்கிறார். எனக்கு அந்தத் தண்ணீர் சாவுதான். அது காலடிக்கு வந்துவிட்டது, இவர் செங்கல் அடுக்கித் தள்ளிப்போடுகிறார். எத்தனை நாளைக்கு?

மீன்கொத்தி:
அஸ்தி கரைத்தே பழகிய நமக்குத் தண்ணீரைக் கண்டால் உடனே சாவு ஞாபகம். சாவென்றால் அவர் ஏன் அதற்குள் இறங்குகிறார்? புகைபிடிக்கும் பைப் கைநழுவிக் கீழ் அடுக்குக்குப் போய்விடுகிறது. முக்குளிக்கும் உடையை மாட்டிக்கொண்டு போகிறார். குனிந்து அதை எடுக்கும்போது, முன்பு ஒருநாள் மனைவி அதே பைப்பை எடுத்துக் கையில் கொடுத்தது தெரிகிறது. அதற்கும் கீழே அவள் நோயில் படுத்திருந்த கட்டில். இன்னும் கீழே மகள். அடித்தரையில் அவரும் மனைவியும் சேர்ந்து முதல் வீட்டைக் கட்டுகிறார்கள். ஆழம் கூடக்கூட வயது குறைகிறது. தண்ணீர் எதையும் அழிக்கவில்லையே!

பழைய புரொஜக்டர்:
போய்ப் பார்க்கலாம், குடியிருக்க முடியாது. அந்த உடை இல்லாமல் எட்டிக்கூடப் பார்க்க முடியாத இடத்தை இன்னும் வீடு என்பீர்களா?

அரை டிக்கெட்:
ரெண்டு பேரும் ஒரே படத்தில் நிற்கிறீர்கள். நெதர்லாந்துக்காரர் மிகேல் டுடாக் டி விட் 2000இல் எடுத்த ‘ஃபாதர் அண்ட் டாட்டர்’ பாருங்கள், எட்டே நிமிடம். அப்பா படகேறிப் போய்விடுகிறார். மகள் சிறுமியாக, குமரியாக, குழந்தைகளோடு, கடைசியில் கிழவியாகச் சைக்கிளில் அதே கரைக்கு வந்து பார்க்கிறாள். கிழவியாகும்போது தண்ணீர் வற்றிப் புல் முளைத்திருக்கிறது. நடந்தே உள்ளே போகிறாள், படகு கிடக்கிறது, அதில் சுருண்டு படுக்கிறாள். அந்த நாட்டில் கடல் தரையாவது கற்பனையும் இல்லை. 1932இல் அணை போட்டு சாய்டர்சே என்ற கடற்பகுதியை அடைத்தார்கள், அப்புறம் அதில் ஒரு பெரும்பகுதியை வயலாக்கினார்கள். ‘தண்ணீர் சாவு’ கணக்கை இங்கே போடுங்கள் பார்ப்போம்.

பழைய புரொஜக்டர்:
சரி, இங்கே உதைக்கிறது. தண்ணீர் விலகினால்தான் அவளுக்கு முடிவே வருகிறது. ஆனால் காட்டோ விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். கடைசிக் காட்சியில் கிழவர் இரண்டு கிளாஸில் ஒயின் ஊற்றி ஒன்றோடொன்று முட்டுகிறார். எதிரே ஆளில்லை. இதைவிடச் சாவை எப்படிக் காட்டுவது?

மீன்கொத்தி:
அந்த இரண்டாவது கிளாஸ் எங்கிருந்து வந்தது? அடித்தளத்தில் கிடந்ததை அவரே மேலே எடுத்து வந்தார். மறுபடி பாருங்கள்.