தீவாந்தரம் (கடல் கடந்து நாடு கடத்தும் தண்டனை) போனவரைத் தேடிய அனுபவம் யாருக்காவது உண்டா?

உசிலம்பட்டியான்:
மூன்று வருஷமாக உறுத்துகிறது, இங்கே கொட்டிவிடுகிறேன். அப்பத்தாவின் தாத்தா, தாது வருஷப் பஞ்சத்தில் (1877) நெல் வண்டியை மறித்த கேஸில் ஆயுள் தண்டனையாக அந்தமான் போனவர். பன்னிரண்டு வருஷம் பார்த்துவிட்டுக் கருமாதி செய்து, அவர் மனைவிக்கு, அதாவது அப்பத்தாவின் பாட்டிக்கு, தாலியும் அறுத்துவிட்டார்கள். வீட்டில் தெரிந்த கதை இவ்வளவுதான். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் நாலு நாள் உட்கார்ந்தேன். நாலாம் நாள் மதியம் பிரித்த காகிதக் கட்டுக்குள், 1898-ல் போர்ட் பிளேரிலிருந்து வந்த கடிதம். இருபது வருஷம் முடிந்தது, நடத்தை சரி, விட்டால் ஊரில் ஆட்சேபம் உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். அதற்கு மதுரையிலிருந்து போன பதில் ஒரே வரி: இவருக்கு ஊரில் உறவு யாருமில்லை. அப்பத்தா சின்னப்பிள்ளையில் அந்தப் பாட்டி மடியில் படுத்துத் தூங்கியவள் ஐயா!

மேலூர் சிங்கை:
எல்லாரும் தீவாந்தரம் என்றால் அந்தமான் என்றே எழுதுகிறீர்கள். அங்கே கைதிகளை நிலையாக ஏற்றத் தொடங்கியது 1858-ல். அதற்கு முன்னால் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர். எங்கள் ஆள் அந்தக் காலத்தவர், பேர்கூட மிஞ்சவில்லை. இங்கே சிங்கப்பூரில் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் இந்தியக் கைதிகள் கட்டியது. முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, சுண்ணாம்பு கலந்த பூச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவரில் கை வைத்தேன். நம்ம மதுரை நாயக்கர் மகால் தூண் மாதிரியே ஜில்லென்று வழுவழுப்பு. வேலைக்கு நேரமாகிவிட்டது, வந்துவிட்டேன்.

சோழவந்தான் வாசகன்:
நெல்லுக்கு ஆயுள் தண்டனையா? கதையில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

பழைய குமாஸ்தா:
எதுவும் விட்டுப்போகவில்லை தம்பி. ஐந்து பேர் சேர்ந்து மறித்துப் பறித்தாலே கொள்ளை, அப்போதைய இந்தியத் தண்டனைச் சட்டம் 395-வது பிரிவு. திருடியது மூட்டையா முத்தா என்று பார்க்காது, ஆயுள் வரை கொடுக்க முடிந்தது. எங்கள் வீட்டிலும் ஒருவர் போனார், கப்பலிலேயே செத்தார் என்பார்கள். அது கிடக்கட்டும். தேடுகிறவர்களுக்கு, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பேரை வைத்துத் தேடாதீர்கள். வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பான், கருப்பன் நாலு விதமாக வரும். தகப்பன் பேர், ஊர், தண்டித்த தேதி, இந்த மூன்றையும் சேர்த்துப் பிடியுங்கள். உசிலம்பட்டிப் பக்கத்து ஊரெல்லாம் அப்போது திருமங்கலம் தாலுகா. ராமநாதபுரம் ஜில்லா பிரிந்தது 1910-ல்தான், அதனால் திருப்புவனம், சிவகங்கைக்காரர்களும் மதுரை ஜில்லாக் காகிதக் கட்டுகளையே பாருங்கள். பென்சிலும் நோட்டும் கொண்டுபோங்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், பசித்தால் கண் வரி தாண்டும். அப்புறம், உசிலம்பட்டித் தம்பி: அந்த ஒரு வரி பதிலை மட்டும் பார்த்து அழாதீர்கள். கலெக்டருக்கு உங்கள் பாட்டியைத் தெரியாது. தாசில்தார் கேட்டு, கிராம முன்சீப் எழுதியதுதான் மேலே போயிருக்கும். பின்னால் இருக்கும் தாள்களைப் புரட்டுங்கள், கீழே கையெழுத்து இருக்கும்.

உசிலம்பட்டியான்:
புரட்டினேன் ஐயா, அன்றைக்கே. முன்சீப் கையெழுத்து தமிழில்தான் இருந்தது. பாட்டியின் கூடப் பிறந்த அண்ணன். அப்பத்தாவிடம் இன்னும் சொல்லவில்லை.